துவர்ப்பின் வரலாறு: கொத்மலைத் தேயிலையும் ஆய்வுகூடமும்

தமிழ் மருத்துவம் சுவையை நாவின் இன்பமாக மட்டும் கொண்டதன்று. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு, துவர்ப்பு என்னும் ஆறும் உடலில் வெவ்வேறு தொழில் புரிவன என்பது அதன் அடிப்படைக் கொள்கை. கடுக்காயும் தான்றிக்காயும் நெல்லிக்காயும் கூடிய திரிபலையில் ஓங்கி நிற்பது துவர்ப்பே. புண்ணை ஆற்றுவதும், கழிச்சலைக் கட்டுவதும், குருதிப்போக்கைத் தடுப்பதும் துவர்ப்பின் தொழில்கள் எனப் பண்டை வைத்தியர் கண்டனர். மருந்தின் பெயரையே அறநூலுக்குச் சூட்டித் திரிகடுகம், ஏலாதி, சிறுபஞ்சமூலம் என நூல் யாத்த மக்கள் தமிழர். ஆயினும் அவர் வழிவந்தோர் இன்று நாள்தோறும் காலையும் மாலையும் உட்கொள்ளும் துவர்ப்புப் பொருள் அந்நூல்கள் எவற்றிலும் காணப்படாத ஓர் இலையாகும். தேயிலை என்னும் அவ்விலை கீழை நாடுகளில் மருந்தாகத் தோன்றியது. இலங்கை மலைநாட்டிலே வாணிகப் பண்டமாயிற்று. பின்னர் ஆய்வுகூடத்தின் வழியே மீண்டும் மருந்தெனும் பெயரைப் பெற முற்பட்டது. இம்மாற்றங்களிற் பெரும்பகுதி கொத்மலை ஓயாவின் இரு கரைகளைச் சார்ந்தே நிகழ்ந்தமை ஆராயத்தக்கது.

சீனத்தில் எட்டாம் நூற்றாண்டினரான லூ யூ தேயிலைக்கெனத் தனிநூல் ஒன்று இயற்றினார். யப்பானியத் துறவி எய்சாய் 1211இல் எழுதிய நூல், தேநீர் அருந்தி உடல்நலம் பேணுவதையே பொருளாகக் கொண்டது. கொரிய நாட்டு அரச வைத்தியர் ஹோ சூன் 1610இல் முடித்து 1613இல் அச்சேறிய ‘தொங்குயிபோகம்’ என்னும் பெருமருத்துவ நூலிலும் தேயிலை மூலிகைகளுள் ஒன்றாகவே வைக்கப்பட்டுள்ளது. இளங்கொழுந்தின் வடிவு நோக்கி அதனைச் சிட்டுக்குருவியின் நாக்கு என அந்நாட்டார் வழங்கினர். அவ்விலை தலையையும் கண்ணையும் தெளிவிக்கும், உண்டது செரிக்கச் செய்யும், சிறுநீரைப் பெருக்கும் என்பன அந்நூலார் கருத்து. ஐரோப்பாவிற் புகுந்தபோதும் தேயிலை மருந்துக் கடையின் வழியே புகுந்தது. ஒல்லாந்து மருத்துவர் பொன்றெக்கோ 1678இல் அதனைப் புகழ்ந்து நூல் எழுதி, நாளொன்றுக்குப் பல பத்துக் கிண்ணம் பருகினும் கேடில்லை என்றார். இங்கிலாந்தில் யோனாஸ் ஹன்வே 1756இல் அதற்கு நேர்மாறாக எழுதி, தேநீர் உடலையும் நாட்டையும் கெடுப்பது என்று சினந்தார். இருவர் கையிலும் சான்று என ஒன்று இருந்ததில்லை. இலையினுள் யாது உளது என்பதை அறியாமலே இருவரும் வழக்காடினர்.

கொத்மலைப் பள்ளத்தாக்கு, ஹோட்டன் சமவெளியை அடுத்த உயர்மலைகளின் நீரைச் சேர்த்துக்கொண்டு தலவாக்கலையைத் தொட்டு வடக்கே இறங்கி மகாவலியோடு கலக்கும் கொத்மலை ஓயாவின் நிலம். துட்டகைமுனு இளமையில் தந்தைக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்த இடம் என்று மரபு கூறும். 1985இல் திறக்கப்பட்ட கொத்மலை அணையின் நீர்த்தேக்கத்துட் பழைய வயல்களும் வழிபாட்டிடங்களும் அமிழ்ந்தன. 2012இல் மேல் கொத்மலைத் திட்டம் தலவாக்கலையின் ஆற்றோரத் தோற்றத்தையும் மாற்றிற்று. இப்பள்ளத்தாக்கின் கிழக்குச் சரிவிலே றம்பொடையும், அதனை அடுத்துப் புசல்லாவையும் உள்ளன. தேயிலை இலங்கையில் வாணிக நோக்கோடு முதன்முதல் நடப்பட்ட இடங்களுள் இவை சேரும். சீனத்திலிருந்து 1824இல் பேராதனைப் பூங்காவுக்கும், அசாமிலிருந்து 1839இல் வித்தாகவும் தேயிலை வந்ததுண்டு. எனினும் அவை காட்சிச் செடிகளே. மொறிஸ் டி வேம்ஸ் என்பவர் 1841இல் சீனத்திலிருந்து கொணர்ந்த செடிகளைப் புசல்லாவையின் றொத்சைல்ட் தோட்டத்தில் நட்டார். பின்னர் றம்பொடைப் பக்கத்துக் கொண்டகலையிலும் சிறிது பயிரிடப்பட்டது. ஆக்கும் செலவு விலையை விஞ்சியமையால் அம்முயற்சி தளர்ந்தது. கோப்பி அரசோச்சிய காலம் அது. யேம்ஸ் ரெயிலர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும், 1869இல் கோப்பி இலைகளிற் செம்பூஞ்சை நோய் காணப்பட்டதும் பலரும் அறிந்த செய்திகள்.

பலர் மறந்துவிட்ட செய்தி ஒன்று உண்டு. கோப்பி அழிந்து தேயிலை நிலைபெறுவதற்கு இடைப்பட்ட ஆண்டுகளில் மலைநாட்டை ஒரு மருந்து மரம் ஆண்டது. அதுவே சிங்கோனா. அதன் பட்டையிலுள்ள கொயினா மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து. பெலத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் 1820இல் கொயினாவைப் பட்டையினின்றும் பிரித்தனர். 1861இல் ஹக்கலைப் பூங்காவில் சிங்கோனா வளர்க்கத் தொடங்கினர். 1880களின் நடுவில் இலங்கையின் பட்டை ஏற்றுமதி உச்சம் எய்தியது. ஆனால் சிங்கோனாப் பட்டை எடைக்கு மட்டும் விலை போவதன்று. ஒவ்வொரு தொகுதியிலும் கொயினா நூற்றுக்கு எத்தனை பங்கு என்று வேதியியலார் அளந்து சொன்ன பின்னரே விலை வகுக்கப்பட்டது. இலங்கைத் தோட்டங்களில் மிகுந்திருந்த செம்பட்டை இனத்தில் கொயினா குறைவு. ஒல்லாந்தர் சாவகத்தில் 1865இல் வாங்கிய வித்தினின்றும் வளர்த்த இனமோ நூற்றுக்குப் பத்தையும் தாண்டும் கொயினா தந்தது. சந்தையிற் பட்டை குவிந்து விலை வீழ்ந்தபோது, ஆய்வுகூடத்துத் தராசு இலங்கைப் பட்டையைக் கைவிட்டது. சில ஆண்டுகளுள் சிங்கோனா மரங்கள் வெட்டப்பட்டு அவ்விடத்திலும் தேயிலை ஏறிற்று.

அத்தேயிலைக்கு அத்தகைய தராசு எதுவும் இருக்கவில்லை என்பது வியப்பு. கொழும்பில் 1883இல் ஏலம் தொடங்கிற்று. அங்கும் இலண்டனிலும் விலை கூறியது சுவைஞரின் நாக்கு. வடித்த தேநீரை ஓசையெழ உறிஞ்சி, வாயிற் சுழற்றி, உமிழ்ந்து, பளிச்சிடும் நிறம், நாவைப் பற்றும் துவர்ப்பு, மணம் எனத் தம் மரபுச் சொற்களால் அவர்கள் தரம் பிரித்தனர். தேயிலையிற் கஃபீன் உண்டு என்பதும், அது கோப்பியிலுள்ள அதே பொருள் என்பதும் 1838இலேயே தெளிந்துவிட்டன. ஆயினும் கஃபீனுக்கு விலை இல்லை. அது எல்லாத் தேயிலையிலும் ஏறக்குறைய ஒருபடித்தாய் உளது. விலை துவர்ப்புக்கே. அத்துவர்ப்பு யாது என்பதோ எவர்க்கும் தெரியாதிருந்தது. ‘தனின்’ என்ற ஒரு சொல்லால் அதனை மூடி வைத்தனர்.

அதன் தன்மையை முதலில் அறிந்தவை, மலைச்சரிவில் நின்ற பெண்களின் விரல்களே எனலாம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளுவோரின் விரல் நுனிகளில் நாளடைவிற் கருங்கறை ஏறும். கழுவினும் எளிதிற் போகாது. கொழுந்தின் சாறு காற்றுப் பட்டுக் கறுப்பதே அதற்குப் பெருங்காரணம். தோட்டத்து ஸ்டோரில் நடப்பதும் இதுவேயாம். கொழுந்தை வாட்டி, உருளையில் இட்டுத் திருகி நசுக்கும்போது இலையின் அறைகள் உடைகின்றன. நசுங்கிய கொழுந்தைப் பரப்பி வைத்தால் பச்சை செம்பாய், செம்பு கருமையாய் மாறும். உரிய வேளையிற் சூடேற்றி உலர்த்தி அம்மாற்றத்தை நிறுத்துவர். இதனைப் ‘புளிக்க வைத்தல்’ என்று பெயரிட்டது பிழை. கள்ளும் மாவும் புளிப்பதுபோல் நுண்ணுயிர் செய்யும் தொழில் இதுவென்று முன்னாளில் நம்பினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசாமில் ஹரோல்ட் மான் முதலியோர், இலையிலேயே உள்ள நொதியம் ஒன்று காற்றின் ஒட்சிசனைக் கொண்டு செய்வது இது என்னும் கருத்தை வலியுறுத்தினர்.

இலங்கையில் இவ்வாராய்ச்சி நிலைபெறத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வேண்டியிருந்தது. 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது தோன்றிற்று. பூஞ்சையியல் அறிஞர் தோமஸ் பெச் முதற் பணிப்பாளர். நுவரெலியாவில் தற்காலிகமாக இயங்கிய நிலையம், சில ஆண்டுகளுள் தலவாக்கலையின் செயின்ட் கூம்ஸ் தோட்டத்தைத் தன் நிலையான இருப்பிடமாக்கிற்று. கொத்மலை ஓயாவின் மேற்பகுதியில், தோட்டமும் ஸ்டோரும் ஆய்வுகூடமும் ஒன்றையொன்று ஒட்டி அமைந்தமை அதன் தனிச் சிறப்பு. காலையிற் கிள்ளிய கொழுந்து நண்பகலுள் வேதியியலார் மேசையை அடையும். தொலைதேயத்து ஆய்வுகூடங்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

அங்கு உழைத்தோருள் லாம்ப், ஸ்ரீரங்காச்சார் என்னும் இருவர் பெயர்களும் நினைவிற் கொள்ளத்தக்கன. இலங்கைத் தேயிலையின் ‘புளிப்பை’ப் பற்றி இருவரும் 1940இலும், ஸ்ரீரங்காச்சார் தனித்து 1943இலும் பிரித்தானிய உயிர்வேதியியல் சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரைகள் அத்துறையில் அடிப்படையானவை. அந்நொதியம் செப்பு அடங்கியது என்னும் முடிபை அவை முன்வைத்தன. அக்காலத்தில் அசாமின் தொக்லாய் நிலையத்தில் ஆராய்ந்த றொபேட்ஸ் வேறொரு நொதியத்தையே காரணமாகக் கருதினார். நாளடைவிற் செப்பு நொதியமே என்பது எல்லாராலும் ஏற்கப்பட்டது. ஆபிரிக்காவின் நியாசலாந்தில், இன்றைய மலாவியில், சில தோட்டங்களின் கொழுந்து எத்துணைப் பொழுது வைத்தும் நிறம் மாறாமல் நின்றது. மண்ணிலே செப்புக் குறைவென்று கண்டு அதனை ஊட்டியபின் கொழுந்து செவ்வனே சிவந்தது. 1946இல் இலங்கைத் தேயிலையைக் கொப்புள நோய் தாக்கியபோது தோட்டங்களெங்கும் தெளித்த மருந்தும் செப்பு உப்பே. இலையின் உள்ளும் புறமும் ஒரே உலோகம் இருவேறு காவல் புரிந்தது.

நொதியம் தெளிந்தது, அது எதனை மாற்றுகிறது என்பது எஞ்சியது. இவ்விடத்தில் வரலாறு யப்பானுக்குத் திரும்புகிறது. தோக்கியோவில் சுஜிமுரா மிச்சியோ என்னும் பெண் ஆராய்ச்சியாளர் 1924இல் பசுந்தேயிலையில் உயிர்ச்சத்து ‘சி’ உண்டென்று தம் தோழரோடு கண்டார். 1929இல் அதன் துவர்ப்புப் பொருள்களுள் ஒன்றான கற்றெக்கினைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். 1932இல் அவர் பெற்ற வேளாண்மைத் துறைக் கலாநிதிப் பட்டம் யப்பானில் அத்துறையில் ஒரு பெண் பெற்ற முதற் பட்டம். ‘தனின்’ என்ற திரை இவ்வாறு விலகிற்று. கொழுந்தின் உலர்நிறையில் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பங்கு பொலிபீனோல்கள் என்னும் இனத்தனவென்றும், அவற்றுட் பெரும்பான்மை கற்றெக்கின் குடும்பமென்றும் பின்னர் நிறுவப்பட்டது. 1944இல் கண்டறியப்பட்ட தாள் நிறப்பகுப்பு முறை றொபேட்ஸுக்குப் பெருந்துணையாயிற்று. ஒரு துளித் தேநீரைத் தாளில் இட்டு இரு திசைகளிற் கரைப்பான் ஊரவிட்டால், கலந்து கிடந்த பொருள்கள் புள்ளி புள்ளியாய்ப் பிரிந்து நிற்கும். இம்முறையால் 1950களில் அவர், கற்றெக்கின்கள் ஒட்சியேறி இணைந்து பொன்னிறத் தெயாபிளேவின்களாகவும் செங்கபிலத் தெயாருபிகின்களாகவும் மாறுகின்றன என்று காட்டினார். செயின்ட் கூம்ஸில் சாண்டர்சன், விக்கிரமசிங்க முதலியோர் 1960களில் அப்பணியைத் தொடர்ந்தனர். சுவைஞர் ‘பளிச்சிடும் நிறம்’ என்றது பெரிதும் தெயாபிளேவினையே என்பது அப்போது புலனாயிற்று. நாக்கு அறிந்ததைத் தாள் வழிமொழிந்தது.

இவ்வளவும் தரத்தையும் விலையையும் பற்றிய ஆராய்ச்சி. குடிப்போர் உடலில் அத்துவர்ப்பு யாது செய்கிறது என்று அக்காலத்தில் தேயிலை நிலையங்கள் பெரிதும் கேட்டில. அவ்வினா வேறு திசையினின்றும் வந்தது. அமெரிக்கரான டென்ஹம் ஹாமன் 1956இல், உடல் மூப்படைவதற்கு அதனுள்ளே தோன்றும் ‘கட்டற்ற மூலிகங்கள்’ காரணம் என்னும் கோட்பாட்டை வெளியிட்டார். இணையற்ற ஓர் இலத்திரனைக் கொண்டு அலையும் மூலக்கூறுகள் அவை. அவை அண்டைப் பொருள்களின் இலத்திரனைக் கவரும். கவரப்பட்டது பிறிதொன்றைக் கவரும். கொழுப்பு சிக்குநாற்றம் கொள்வதும் இரும்பு துருவேறுவதும் ஒட்சியேற்றமே; உடலினுள்ளும் அத்தகைய சிதைவு மெல்ல நடைபெறுகிறது என்பது அக்கோட்பாட்டின் சாரம். 1969இல் மக்கோட், பிரிடொவிச் இருவரும் இத்தகைய மூலிகத்தை அழிப்பதற்கென்றே உயிரணுக்களில் ஒரு நொதியம் உண்டெனக் கண்டமை கோட்பாட்டுக்கு வலுவூட்டிற்று. இனி, தானே முன்வந்து ஒட்சியேறிப் பிறவற்றைக் காக்கும் பொருள் எது என்று தேடியோர், காற்றுப் பட்டவுடன் கறுக்கும் தேயிலைச் சாற்றை எவ்வாறு காணாதிருத்தல் கூடும்? கொழுந்தை ஸ்டோரில் கறுப்பாக்கும் அதே பண்பே அதனை ஒட்சியேற்றத் தடுப்பானாகவும் ஆக்குகிறது. பொலிபீனோல் தன் ஐதரசனை எளிதில் ஈந்து மூலிகத்தை அடக்கும். இரும்பு, செப்பு முதலியவற்றை இறுகப் பற்றி அவை ஒட்சியேற்றத்தைத் தூண்டாமலும் தடுக்கும். இவ்விரண்டாம் பண்பு ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது.

ஓர் ஐயம் எழுவது இயல்பு. பசுந்தேயிலையில் கற்றெக்கின்கள் மாறாமல் உள்ளன. கறுப்புத் தேயிலையிலோ அவை பெரிதும் ஸ்டோரிலேயே செலவாகிவிட்டன. ஆகவே கொத்மலைத் தேயிலைக்கு அவ்வாற்றல் குன்றுமோ? ஹொங்கொங்கின் சீனப் பல்கலைக்கழகத்தார் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூற முயன்றது. குருதிக் கொழுப்புப்புரதத்தைச் செப்பால் ஒட்சியேறத் தூண்டி, இருவகைப் பொருள்களாலும் தடுத்துப் பார்த்தபோது, தெயாபிளேவின்கள் கற்றெக்கின்களுக்குக் குறைந்தனவல்ல என்று கண்டனர். இலங்கை வணிகருக்கு இது நற்செய்தியாயிற்று. ஆனால் கண்ணாடிக் குழாயில் வென்றது குடலில் வெல்லும் என்பதற்கு உறுதியில்லை. உண்ட பொலிபீனோலிற் சிறு பகுதியே குருதியை அடைகிறது. அடைந்ததும் ஈரலிலும் குடற் பற்றீரியங்களாலும் வேறு பொருளாகிறது.

மாந்தரிடை நிகழ்ந்த ஆய்வுகளும் ஒருமுகமாகப் பேசவில்லை. ஒல்லாந்தின் சூட்பென் நகரில் முதியவர் 805 பேரைத் தொடர்ந்து நோக்கிய ஆய்வு 1993இல் வெளிவந்தது. பொலிபீனோல் இனத்தைச் சேர்ந்த பிளேவனோயிட்டுகளை மிகுதியாக உட்கொண்டோரிடை இதயநோய்ச் சாவு குறைவெனவும், அவர்களுக்கு அப்பொருள் பெரும்பாலும் தேநீரிலிருந்தே கிடைத்ததெனவும் அது கூறிற்று. அதே ஆசிரியர் 1997இல் வேல்சு நாட்டின் கெயர்பிலியில் ஆராய்ந்தபோது அந்நன்மையைக் காணவில்லை. அங்குள்ளோர் தேநீரிற் பால் கலந்து பருகுவர். பாற்புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்கிறது போலும் என்று சிலர் கூறினர். பின்வந்த சோதனைகள் சில அதனையும் மறுத்தன. ஒட்சியேற்றத் தடுப்பான் எதுவாயினும் நன்மையே தரும் என்னும் நம்பிக்கைக்குப் பின்லாந்து கடும்பாடம் புகட்டிற்று. புகைபிடிப்போர் 29,133 பேரிடை நடந்து 1994இல் வெளியான சோதனையில், பீற்றா கரற்றீன் மாத்திரை உண்டோர்க்கு நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. நூற்றுக்குப் பதினெட்டு வீதம் கூடிற்று. தேயிலைக் கற்றெக்கினைச் செறித்து மாத்திரையாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் உண்பது ஈரலைத் தாக்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தெரிவித்தது. கிண்ணத்துத் தேநீர் வேறு, பிழிந்தெடுத்த சத்து வேறு என்பதை விளம்பரத்தார் வேண்டுமென்றே மறைத்தல் கண்டிக்கத்தக்கது.

இனி, மேலே கூறிய இரண்டாம் பண்புக்கு வருவோம். பழந்தமிழர் கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி சேர்த்து மை காய்ச்சினர். கடுக்காய் தருவது துவர்ப்பு. அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. இரண்டும் கூடியவுடன் கரையாத கருமை தோன்றும். இரும்பை இறுகப் பற்றும் இதே தொழிலைத் தேநீர் இரைப்பையிலும் குடலிலும் செய்கிறது. டிஸ்லர் முதலியோர் 1975இல் வெளியிட்ட ஆய்வில், ரொட்டி, சோற்றோடு உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேர்ந்த உணவு ஆகியவற்றின் இரும்பை உடல் ஏற்பதைத் தேநீர் தடுத்தது. 1983இல் நிகழ்ந்த பிறிதோர் ஆய்வில், உணவோடு பருகிய தேநீர் இரும்பு ஏற்பை நூற்றுக்கு 64 பங்கு குறைத்தது. கோப்பி 39 பங்கே குறைத்தது. புலாலின் இரும்பு ஓரளவு தப்பும். தானியத்தினதும் பருப்பினதும் கீரையினதும் இரும்பே பெரிதும் அகப்படும்.

இவ்விடத்தில் துவர்ப்பின் வரலாறு மலைச்சரிவில் நின்ற அப்பெண்களிடம் திரும்புகிறது. அவர்தம் காலையுணவு பெரும்பாலும் கோதுமை மா ரொட்டியும் சாயத் தேநீரும், புலால் அரிது, பிள்ளைப்பேறும் மாதவிலக்கும் இரும்பை இழப்பிக்கும். உயர்தரத் தேயிலை ஏலத்துக்குச் செல்ல, லயத்து அடுப்பிற் கொதிப்பது தூள். தூளின் நுண்பொடியினின்று துவர்ப்பு விரைந்தும் மிகுந்தும் இறங்கும். சோகை நெடுங்காலமாகத் தோட்டப் பெண்களிடை மிகுந்து காணப்பட்டமைக்குத் தேநீரே காரணம் என்பது மிகையாகும். வறுமையும் கொக்கிப் புழுவும் போதாத உணவுமே முதற் காரணங்கள். ஆயினும், குறைந்த இரும்பே உள்ள தட்டுக்கு அருகில் நாள்தோறும் வைக்கப்படும் கிண்ணம் அக்குறையை மேலும் கூட்டுகிறது என்பது ஐயத்துக்கு இடமற்றது. உலகச் சந்தையில் இத்துவர்ப்பின் நற்குணம் பேசப்பட்ட அளவுக்கு, அதனைக் கிள்ளுவோர் உடலில் அது செய்வது பேசப்படவில்லை.

மாற்று வழி கடினமன்று. பிரித்தானியாவில் 2017இல் வெளிவந்த ஆய்வொன்றில், உணவுண்டு ஒரு மணிநேரம் கழித்துப் பருகிய தேநீர், உடனுண்ட தேநீரைப்போல் இரும்பைத் தடுக்கவில்லை. தேசிக்காய்ச் சாறும் நெல்லியும் இரும்பு ஏற்பைக் கூட்டுவன. அன்னபேதியைச் செந்தூரமாக்கிச் சோகைக்குக் கொடுத்தனர் சித்த வைத்தியர். இன்று கருப்பிணிகளுக்கு வழங்கப்படும் இரும்பு மாத்திரையும் பெரும்பாலும் அதே இரும்பின் உப்பே. மாத்திரையைத் தேநீரோடு விழுங்கலாகாது, நீரோடு விழுங்கி ஒரு மணிநேரம் கழித்தே தேநீர் அருந்துக என்று தாய்சேய் நிலையத்து மருத்துவ மாதர் கூறுவர். பெரட்டுக்களத்துக்கு விடியுமுன் ஓடவேண்டிய பெண்ணுக்கு அந்த ஒரு மணிநேரம் கிடைப்பதே அரிது.